பெயர்ந்து வந்த வேலையும் பின்னே நின்ற கடனும்

கிழக்கிலங்கையின் குறிஞ்சாக்கேணியில், கிண்ணியாவில், மூதூரில் ஆண்களுக்குக் கொட்டியாரக் குடாவும் நெல்வயலும் உண்டு. வீட்டில் கடன் முற்றினால் பெண்களுக்குப் பெரிதும் திறந்திருந்த வழி, சவூதிக்கோ குவைத்துக்கோ வீட்டுப் பணிப்பெண்ணாகப் போவதுதான். மூதூர் ரிசானா நபீக் 2005 இல் அப்படித்தான் சவூதிக்குப் போனார். பதினேழு வயதுப் பிள்ளையின் வயதைக் கூட்டிக் கடவுச்சீட்டு எடுக்க வழிசெய்தவர்கள் இந்த நாட்டிலேயே இருந்தார்கள். பொறுப்பில் விடப்பட்ட கைக்குழந்தை இறந்த வழக்கில், 2013 ஜனவரி 9 அன்று அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு வடக்கிலும் கிழக்கிலும் ஆடைத் தொழிற்சாலைகள் திறக்கப்பட்டதை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் எடைபோட வேண்டும். கார்மென்ட்ஸ் வேலையில் சம்பளம் குறைவு. மணிக்கு இத்தனை உருப்படி என்ற டார்கெட் கழுத்தைப் பிடிக்கும். ஆனாலும் மாலையில் தன் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கலாம். கடவுச்சீட்டைப் பிறர் கையில் கொடுக்க வேண்டியதில்லை. 2021 நவம்பர் 23 அன்று, பாலம் கட்டி முடியாத நிலையில் படகுப் பாதையில் பயணம் செய்த பள்ளிப் பிள்ளைகள் நீரில் மூழ்கி இறந்த ஊர் குறிஞ்சாக்கேணி. எதுவும் தாமதமாகவே வந்து சேரும் இப்படிப்பட்ட ஊர்களுக்கு, மாதச் சம்பளம் தரும் ஒரு வேலை அருகில் வருவது சிறிய விஷயம் அல்ல.

அந்த வேலை எங்கிருந்தோ புறப்பட்டுத்தான் வந்தது. இலங்கையில் தைக்கப்படும் ஆடைகளுக்குத் தனியொரு நாடாகப் பெரிய சந்தை அமெரிக்கா. அமெரிக்கர் உடுத்ததை அமெரிக்கரே நெய்து தைத்த காலம் ஒன்று இருந்தது. வட கரோலினாவின் கன்னாபொலிஸ் நகரம் முழுவதும் கேனன் என்ற துவாய் ஆலையைச் சுற்றி எழுந்தது. தாத்தா, மகன், பேத்தி என்று தலைமுறைகள் அங்கே வேலை செய்தன. 2003 ஜூலை 30 அன்று, அப்போது பில்லோடெக்ஸ் என்ற நிறுவனத்திடம் இருந்த அந்த ஆலை மூடப்பட்டது. அந்த வட்டாரத்தில் மட்டும் 4,000 க்கும் அதிகமானோர் வேலை இழந்தார்கள். பள்ளிப் படிப்பை முடிக்காமலே தறிக்குப் போனவர்கள் அவர்களில் பலர். ஐம்பது வயதில் அவர்களிடம் கணினி கற்கச் சொன்னார்கள்.

இது ஓர் ஊரின் கதை மட்டுமல்ல. 2000 இல் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் 1 கோடியே 70 இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலை செய்தார்கள். பத்தே ஆண்டுகளில் அந்தத் தொகை ஏறக்குறைய 1 கோடியே 15 இலட்சமாகச் சுருங்கியது. இயந்திரங்களுக்கும் 2008 நெருக்கடிக்கும் அதில் பங்குண்டு. சீன இறக்குமதியால் மட்டும் 1999 முதல் 2011 வரை 20 முதல் 24 இலட்சம் வேலைகள் போயிருக்கலாம் என்று டேவிட் ஓட்டர், டாரன் அசமொக்லு முதலிய பொருளியலாளர்கள் கணித்தார்கள். அதைவிடக் கவலை தருவது ஓட்டரும் உடன் ஆய்வாளர்களும் கண்ட வேறொன்று. வேலை போன ஊர்களின் மக்கள் வேறு ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள்வார்கள் என்ற பாடநூல் நம்பிக்கை பொய்த்தது. பலர் அங்கேயே இருந்தார்கள், ஊர்கள் பத்தாண்டு கடந்தும் எழவில்லை.

இனி அறக் கேள்விக்கு வரலாம். கிழக்கிலங்கைப் பெண் கன்னாபொலிஸ் பெண்ணின் சோற்றைப் பறித்தாளா?

இல்லை. பறிப்பதற்கு முடிவெடுக்கும் இடத்தில் இருந்திருக்க வேண்டும். 1974 முதல் 2004 முடியும்வரை, எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்பதைப் பல்லிழை ஒப்பந்தத்தின் கோட்டாக்கள் தீர்மானித்தன. தங்கள் கோட்டா தீர்ந்த கிழக்காசிய முதலாளிகள், தீராத நாடுகளைத் தேடி வந்தார்கள். 1978 இல் தொடங்கிய கட்டுநாயக்க வர்த்தக வலயம் வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்த ஒப்பந்தப் பேச்சுவார்த்தைகளில் தையல்காரிக்கு இருக்கை இல்லை, துவாய் நெய்தவளுக்கும் இல்லை. கிடைத்த வேலையை ஏற்றவள்மீது குற்றம் சாட்டுவது அநியாயம்.

இதே நியாயத்தைப் பிடித்துக்கொண்டு சிலர் ஒரேயடியாகக் கணக்கை முடித்துவிடுகிறார்கள். இங்கே வறுமை குறைந்தது, அங்கே சட்டை மலிந்தது, மொத்தத்தில் உலகம் இலாபம் கண்டது என்கிறார்கள். கூட்டல் சரியாகவே இருக்கலாம். ஆனால் கிண்ணியாவில் ஒருத்திக்குச் செய்த நன்மையால் கன்னாபொலிஸில் இன்னொருத்திக்குப் பட்ட கடன் அடைவதில்லை. இடமாற்றத்தால் மிச்சமான பணம் யாருடைய பைக்குப் போனதோ, அவர்களிடமே அந்தக் கடன் நிற்கிறது.

சரியான முடிவுகூட இத்தகைய கடனை விட்டுச்செல்லும் என்பதற்குத் திருகோணமலைத் துறைமுகமே சான்று. 1957 ஒக்டோபர் 15 அன்று பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தார்கள். சுதந்திர நாட்டில் அந்நியப் படைத்தளம் இருக்கக் கூடாது என்பது நியாயம். ஆனால் அந்தத் தளத்தை நம்பி உலை வைத்த வீடுகளுக்கு அந்த நியாயம் அரிசி கொண்டுவரவில்லை.

அமெரிக்கா இந்தக் கடனை ஒரு காலத்தில் ஒப்புக்கொண்டிருந்தது. வர்த்தகத்தால் வேலை இழந்தோருக்கான உதவித் திட்டம் 1962 இல் கென்னடி காலத்தில் சட்டமானது. அந்த உதவி என்றுமே போதுமானதாக இருந்ததில்லை. 2022 ஜூலையிலிருந்து புதிய விண்ணப்பங்களை ஏற்பதும் நின்றது. பிறகு 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீத வரி அறிவிக்கப்பட்டது. ஓகஸ்டில் அது 20 ஆனது. அடைக்க வேண்டிய கடனைக் கைவிட்டு, கடன்படாதவளிடம் தண்டம் கேட்பது இது. மூடிய துவாய் ஆலையை அந்த வரி திறக்கப்போவதில்லை.

ஆட்குறைப்பு விடயத்தில் இலங்கைச் சட்டம் அமெரிக்கச் சட்டத்தைவிட மேலானது என்பதைத் தயங்காமல் சொல்லலாம். அங்கே 1988 இன் சட்டப்படி பெரிய நிறுவனம் 60 நாள் முன்னறிவித்தல் கொடுத்தால் போதும். இங்கே 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம், 15 பேருக்குக் குறையாத தொழிலாளர் உள்ள இடத்தில், தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் ஆட்குறைப்புச் செய்வதைத் தடுக்கிறது, நட்டஈட்டுக்கும் வழிசெய்கிறது. வேலையை முதலாளி விரும்பிய நேரத்தில் மடித்து எடுத்துச் செல்ல முடியாது என்ற எண்ணம் இதற்குள் இருக்கிறது.

அந்தச் சட்டம் இருந்தும், 2025 மே மாதம் பிரித்தானிய நெக்ஸ்ட் நிறுவனம் உற்பத்திச் செலவைக் காரணம் காட்டித் தன் கட்டுநாயக்க ஆலையை மூடியபோது சுமார் 1,400 பேர் வேலை இழந்தார்கள். 22 ஆண்டுகளுக்கு முன் கன்னாபொலிஸ் நின்ற இடத்தில் இப்போது கட்டுநாயக்க நிற்கிறது. நெக்ஸ்ட் அந்த ஆலையின் உரிமையாளராக இருந்ததால் சட்டத்தின் முன் அதை நிறுத்திக் கேள்வி கேட்க முடிந்தது. பெரும்பாலான வெளிநாட்டு பிராண்டுகளுக்கு இலங்கையில் ஆலையே கிடையாது. அவை வாங்குவோர் மட்டுமே. 2020 இல் கொரோனா பரவியபோது உலகெங்கும் அவற்றில் பல, தைத்து முடித்த ஓடர்களைக்கூட ரத்துச் செய்தன. விலையையும் டார்கெட்டையும் தீர்மானிக்கும் அந்த வாங்குவோரை, 1971 இன் சட்டமோ 1988 இன் சட்டமோ முதலாளி என்று அழைப்பதில்லை. கிழக்கு மாகாணத்தில் ஓர் ஆலையின் தையல் வரிசை நிறுத்தப்படும் நாளில், அங்குள்ள பெண்கள் கேள்வி கேட்க வேண்டிய நிறுவனத்தின் பெயர் அவர்கள் தைத்த லேபலில் இருக்கும். நியமனக் கடிதத்தில் இருக்காது.