நிமிர்வதும் உயர்வதும்

கூலி கொடுப்பவன் கேட்டதை மறுக்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டா? வண்டி அவனுடையதல்ல. பணமும் அவனுடையதல்ல. அப்படியிருக்க, “இதை நான் செய்யமாட்டேன்” என்று அவன் சொன்னால் அது நேர்மையா, அல்லது அகம்பாவமா?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகம் படிக்கும்போது எழுந்ததல்ல. தேனியில் ஒரு பட்டறை வாசலில், கிரீஸ் படிந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தபோது எழுந்தது. அன்று நான் அதற்குச் சொன்ன விடை தவறானது. தவறு என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அதற்குரிய விலையை வேறொருவர் கொடுத்தார்.

என் மைத்துனன் சின்னமனூர்ப் பக்கம் வாழைத்தார் ஏற்றி விற்பவன். அவனிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி உண்டு. இருபது வருஷ உழைப்பில் அதன் பின்புறம் தாழ்ந்துபோயிருந்தது. சுமை இல்லாதபோதே, நெடுநேரம் தலையில் பாரம் வைத்திருந்தவன் இறக்கிய பின்னும் குனிந்தே நிற்பானே, அப்படி நின்றது. சிறு பள்ளத்தில் இறங்கினாலும் ‘டொம்’ என்று அடிக்கும்.

பட்டறைக்காரர் அறுபது வயதைக் கடந்தவர். ஊரே அவரைப் பாய் என்றுதான் அழைக்கும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தச் சொன்னார். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்தார். பின்னால் இடது பக்கம் வலதைவிட ஓர் அங்குலம் தாழ்ந்திருந்தது. பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“கமான் பட்டை களைச்சுப் போச்சு தம்பி. ரெண்டு பட்டையிலே விரிசல் இருக்கு. புஷ்ஷெல்லாம் போயிடுச்சு.”

கமான் பட்டையைக் கவனித்துப் பார்த்திராத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. வில் போல் வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே ஒரு போல்ட் போட்டு, யு-போல்ட்டுகளால் அச்சோடு இறுக்கியிருப்பார்கள். நீளமான பட்டையின் இரு முனையும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும். ஒரு முனை சட்டத்தில் நிலையாகப் பொருந்தும். மறுமுனை ஷாக்கிள் என்னும் சிறு தொங்கலில் ஆடும். ஏனென்றால், சுமை ஏறும்போது வில் நிமிர்ந்து நீளுகிறது. நீளுவதற்கு இடம் வேண்டும். எவ்வளவு பாரமோ அவ்வளவு வளைவு என்ற விதியை ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். அந்த விதிக்கு ஓர் எல்லை உண்டு. எல்லையைத் தாண்டி வளைத்தால் எஃகு பழைய உருவத்துக்குத் திரும்புவதில்லை. எல்லைக்குள்ளேயே இருந்தாலும் லட்சக்கணக்கான தடவை வளைந்து நிமிர்ந்தால் அதற்குக் களைப்பு உண்டாகிறது. பாய் சொன்ன ‘களைச்சுப் போச்சு’ வெறும் உவமை அல்ல. உலோகவியல் நூல்களும் அந்தச் சொல்லையே ஆளுகின்றன.

பாய் தம் யோசனையைச் சொன்னார். விரிசல் விட்ட பட்டைகளை மாற்ற வேண்டும். மற்றவற்றைக் கழற்றித் துருவைச் சுரண்டி, சூடேற்றி, பழைய வளைவுக்குக் கொண்டுவந்து, எண்ணெயில் தோய்த்து, மறுபடி மிதமான சூட்டில் பதம் வைக்க வேண்டும். யு-போல்ட்டுகளும் புதிதாக இருக்க வேண்டும். ஒருமுறை இறுகி நீண்ட போல்ட்டை நம்பக்கூடாது. மூன்று நாள் வேலை.

மைத்துனனுக்கு அது போதவில்லை. “அப்படியே நாலு அங்குலம் தூக்கிக் கொடுத்துடுங்க பாய், முன்னாலயும் பின்னாலயும். இன்னும் ரெண்டு பட்டை சேர்த்துப் போடுங்க. பார்க்கவும் நல்லா இருக்கும். சுமையும் கூட ஏத்தலாம்.”

“இருந்த உயரத்துக்குக் கொண்டுவரேன். அதுக்கு மேலே வேண்டாம், தம்பி.”

“வண்டி என்னோடது பாய்.”

“வண்டி உன்னோடதுதான். ரோடு எல்லாருக்கும் பொது.”

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். பேசிப் பழகியவனுக்கு எந்தப் பக்கத்துக்கும் நியாயம் கிடைத்துவிடும். “ஒரு தார் கூட ஏற்றினால் அவன் குழந்தைகளுக்கு ஒரு வேளைச் சோறு. அதை வேண்டாம் என்று சொல்ல நாம் யார் பாய்?” என்றேன். சொன்னபோது எனக்கே அது அழகாகப் பட்டது. பாய் என்னைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை. டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வேறொரு பட்டறையில் அரை நாளில் வேலை முடிந்தது. பின் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டைகளைச் செருகினார்கள். முன்புறம் நீண்ட ஷாக்கிள்களும் கூடுதல் பட்டையும் வந்தன. ஷாக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஏறுவது ஓர் அங்குலம்தான், மறுமுனை நிலையாக இருப்பதால். அந்தக் குறையைப் பட்டை ஈடு செய்தது. களைத்த எஃகு களைத்தபடியே இருக்க, வண்டி மட்டும் உயர்ந்து நின்றது. மைத்துனன் மீசையைத் தடவிக்கொண்டான். நானும் மகிழ்ந்தேன்.

ஒரு மாதம் கழித்து, இரவு எட்டு மணிக்கு, முழுச் சுமையுடன் வந்துகொண்டிருந்தோம். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே சைக்கிளில் ஒரு பால்காரர். எங்கள் விளக்குகள் ஏற்கெனவே நாலு அங்குலம் உயர்ந்திருந்தன; பின்புறச் சுமை முன்புறத்தை இன்னும் மேலே தூக்கியிருந்தது. வெளிச்சம் சாலையில் விழவில்லை. அவர் முகத்தில் விழுந்தது. கண் கூசிச் சாலையை விட்டிறங்கி வாய்க்காலில் விழுந்தார். கை முறிந்தது. எங்கள் வண்டி அவரைத் தொடவே இல்லை.

ஆஸ்பத்திரியில் அவர் எங்களைத் திட்டவில்லை. “வெளிச்சம்தான்யா தெரிஞ்சுது. ரோடு தெரியலே” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பட்டறையில் நடந்த வாதத்தை மறுபடி நினைத்துப் பார்த்தேன். வாழைத்தாருக்காகவும் குழந்தைகளின் சோற்றுக்காகவும் வாதாட அங்கே நான் இருந்தேன். வண்டிக்காக அதன் சொந்தக்காரன் இருந்தான். எதிரே சைக்கிளில் வரப்போகும் மனிதருக்காகப் பேச அங்கே யார் இருந்தார்கள்? பாய் ஒருவர்தான். அவர் கூலியை மட்டும் மறுக்கவில்லை. அங்கே இல்லாத ஒருவருடைய கட்சியைப் பேசினார். தொழிலாளியின் மறுப்புக்கு உரிமை அங்கிருந்துதான் பிறக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். தன் ரசனையைக் காட்டவோ, கெட்டிக்காரத்தனத்தை நிலைநாட்டவோ மறுத்தால் அது அகம்பாவம். வேலையின் விளைவை அனுபவிக்கப்போகிற, ஆனால் கருத்துக் கேட்கப்படாத ஒருவருக்காக மறுத்தால் அது கடமை. இந்தியாவில் பதிவுச் சான்றிதழின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் சொல்கிறது. ஆனால் பாய் சட்டப் பிரிவைக் காட்டவில்லை. அவருக்குச் சாலையைத் தெரியும்.

“அவர் மறுத்து என்ன பயன்? அடுத்த பட்டறையில் செய்துவிட்டார்களே” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மறுப்பு எங்களைத் தடுக்கவில்லை. ஆனால் தவறு செய்தோம் என்று தெரிந்தபோது, திரும்பிப் போக எங்களுக்கு ஓர் இடம் இருந்தது. எல்லோரும் ‘சரி’ என்று சொல்லியிருந்தால் அந்த இடம் இருந்திருக்காது.

பால்காரரின் வைத்தியச் செலவை மைத்துனன் ஏற்றுக்கொண்டான். மறுநாள் வண்டியைப் பாயிடம் கொண்டுபோனோம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கட்டைகளை உருவி மூலையில் போட்டார். மூன்று நாளில் பட்டைகள் புது வளைவோடு வந்தன. ரப்பர் புஷ்களை மாட்டியபின், ஷாக்கிள் போல்ட்டுகளை முறுக்காமல் விட்டு, ஜாக்கியை இறக்கச் சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

“வண்டி தன் எடையிலே நிக்கணும் சார். அந்தரத்திலே வச்சு முறுக்கினா, இறங்கின உடனே ரப்பர் திருகிக்கும். அப்புறம் எப்பவும் திருகினபடியேதான் இருக்கும். சீக்கிரம் கிழிஞ்சுடும்.”

வண்டி தன் எடையில் உட்கார்ந்தது. அதன் பிறகே போல்ட்டுகளை இறுக்கினார். டேப்பை எடுத்து அளந்தார். இடமும் வலமும் ஒரே அளவு. முன்பு குனிந்து நின்ற வண்டி இப்போது தன் சொந்த உயரத்தில் நிமிர்ந்து நின்றது. அதற்கு மேல் ஓர் அங்குலமும் இல்லை. மயிலிறகையே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னதை மைத்துனனுக்கு நினைவூட்டலாமா என்று பார்த்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதைச் சொல்லும் தகுதியை நான் அன்று முக்காலியில் உட்கார்ந்தபோதே இழந்துவிட்டேன்.

எனக்கும் ஒரு தொழில் இருக்கிறது. “கதையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுங்கள், சார்” என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பவர் எதிரே இருக்கிறார். கூலியும் அவர் கையில் இருக்கிறது. படிக்கப்போகிறவர் எங்கோ இருட்டில் சைக்கிளில் வந்துகொண்டிருக்கிறார். பேனாவை எடுக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் பொய்யாகும். சில சமயம் நினைத்துக்கொள்கிறேன்.