ரிப்போர்ட் நார்மல் என்றால் நோய் இல்லையா?

கால் எலும்பு முறிந்தவரிடம் யாரும் சான்று கேட்பதில்லை, எக்ஸ்ரே பேசிவிடும். எழுந்து நின்றாலே நெஞ்சு படபடக்கிறது, கண் இருட்டுகிறது, நினைவு மந்தமாகிறது என்று ஓர் இளம்பெண் சொல்கிறாள். இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் நார்மல். அப்போது அவளுடைய துன்பத்துக்கு வீட்டில் சோம்பல் என்று பெயர் வைக்கிறார்கள், வேலையிடத்தில் சாக்கு என்கிறார்கள், சில மருத்துவர்கள் டென்ஷன் என்கிறார்கள். காரணம் புலப்படாத துன்பத்தை நம்ப வேண்டிய கடமை மற்றவர்களுக்கு உண்டா?

இதயத்துடிப்பு, ரத்த அழுத்தம், செரிமானம், வியர்வை ஆகியவற்றை நம்மைக் கேட்காமலே நடத்துவது தன்னியக்க நரம்பு மண்டலம். நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. உடனே ரத்தக் குழாய்களைச் சுருக்கி அதை ஈடுகட்டுவது இந்த மண்டலத்தின் பொறுப்பு. அது தடுமாறும் நோய்களுள் ஒன்று ‘போட்ஸ்’. எழுந்து நின்ற 10 நிமிடங்களுக்குள், பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 30 துடிப்புகளோ அதற்கு மேலோ கூடிவிடும்; ரத்த அழுத்தமோ பெரிதாக இறங்காது. இ.சி.ஜி.யை வழக்கமாகப் படுக்கவைத்துத்தான் எடுக்கிறார்கள். நிற்கும்போது வரும் தொல்லை அதில் எப்படித் தெரியும்? படுக்கவைத்தும் நிற்கவைத்தும் நாடியையும் அழுத்தத்தையும் அளந்தாலே பலரிடம் தடயம் கிடைத்துவிடும்.

இந்த நோய்க்கு இன்றைய பெயரும் வரையறையும் கிடைத்தது 1993-இல்தான். ஆனால், அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களிடம் இதையொத்த படபடப்பையும் சோர்வையும் ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871-லேயே எழுதிவைத்தார். இடைப்பட்ட காலத்தில் இப்படி அவதிப்பட்டவர்கள் எல்லாரும் நடித்தார்களா? இன்றும் நிலைமை அதிகம் மாறிவிடவில்லை. போட்ஸ் உள்ள 4,835 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பாதிப் பேருக்கு நோய் இன்னதென்று தெரியவே இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகியிருந்தது. பதிலளித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

மறுபக்க நியாயத்தையும் கேட்க வேண்டும். பதற்றத்தாலும் நெஞ்சு படபடக்கும். விடுப்புக்காகப் பொய் சொல்பவர்களும் உண்டு. சொன்னதையெல்லாம் நம்பிச் சோதனைமேல் சோதனை எழுதினால் நோயாளியின் கைப்பணம்தான் கரையும். ஆகவே சந்தேகப்படுவது மருத்துவரின் தொழில்தர்மம் என்பது வலுவான வாதம்தான். ஆனால் சந்தேகம் எதன் மீது என்பதில்தான் அறம் இருக்கிறது. நோயின் காரணம் குறித்து எவ்வளவு வேண்டுமானாலும் ஐயப்படலாம். துன்பம் உண்டு என்பதையே மறுக்க யாருக்கும் அதிகாரமில்லை. மனத்தில் கிளைத்த நோயும் நோய்தான். அதைச் சொல்லியும் ஒருவரை விரட்டிவிட முடியாது.

நேற்றுக் கல்யாண வீட்டில் சிரித்துப் பேசியவள் இன்று கட்டிலை விட்டு எழ முடியவில்லை என்றால் உறவினர் முகம் சுளிக்கிறார்கள். நாளுக்கு நாள் ஏறி இறங்குவது இந்த நோயின் இயல்பு. ஊரே உப்பைக் குறைக்கச் சொல்லும்போது, இந்த நோயாளிகளில் பலர் மருத்துவர் சொல்லி உப்பையும் தண்ணீரையும் கூட்டிக்கொள்கிறார்கள். அதுவும் விசித்திரமாகத் தெரிகிறது. நம்ப மறுக்கும் வீட்டில், நோயோடு சேர்த்துத் தன் நேர்மையையும் தினமும் மெய்ப்பிக்கும் சுமை நோயாளியின் தலையில் விழுகிறது.

இரண்டு பிழைகளையும் எடைபோடலாம். பொய்யரை நம்பிவிட்டால் இழப்பு ஒரு நாள் விடுப்பு. உண்மையான நோயாளியை நம்பாவிட்டால் சிகிச்சை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகும். படிப்பும் வேலையும் நின்றுபோகும். எந்தப் பிழையின் பக்கம் சாய்வது என்பதில் பெரிய குழப்பத்துக்கு இடமில்லை.

சான்றிதழை மட்டும் நம்பும் ஏற்பாடும் இவர்களுக்குப் போதாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் பார்க்கின்சன் நோய் இருக்கிறது, போட்ஸ் இல்லை. அதே வேளையில், கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் கொண்டுவந்த சட்டத்திருத்தம் யாரிடமும் நோய்க்குச் சான்று கேட்கவில்லை. நிற்பவருக்குக் கால் வலிக்கும் என்பதே அதற்குப் போதுமான நியாயம். பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்திலும் ரேஷன் கடை வரிசையிலும் அலுவலகத்திலும் இதே நியாயம் செல்ல வேண்டும். உட்கார இடம் கேட்பவருக்கு முதலில் இடம் கொடுங்கள். விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.