தறியும் தகுதியும்

கைத்தொழில் உயர்ந்ததென்று மேடையிற் கூறாதார் இல்லை. தம் பிள்ளையைத் தறியில் அமர்த்தச் சம்மதிப்பாரோ அரியர். இவ்விரண்டுக்கும் இடையே கிடக்கும் பொய்ம்மையை நாம் ஆராய்தல் வேண்டும்.

தறியில் முதன்முதல் அமர்பவரைக் கவனிப்போம். கால் மிதியை அழுத்துகிறது. பாவு இரண்டாகப் பிரிகிறது. அவ்விடைவெளியில் ஊடை நூலைச் சுமந்து நாடா ஓடுகிறது. கை அச்சை இழுத்து ஊடையை நெருக்குகிறது. காலும் கையும் இசையுமுன் இழை பலமுறை அறும். ஊடையை மிக இறுக்கினால் துணியின் அகலம் சுருங்கும். மிகத் தளர்த்தினால் கரையில் இழை தொங்கும். இடையிலுள்ள அளவை எந்தப் புத்தகமும் சொல்லித் தராது. விரலே கண்டறிய வேண்டும். இதனை அறிவென்று கொள்ளாத கல்வி குறையுடைய கல்வியே.

ஆயினும், தறி பழகுபவர் யார், எவருடைய விருப்பினாற் பழகுகிறார் என்று கேளாமல் தொழிலைப் போற்றுதல் அபாயம். 1937இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைத்தார். எல்லாப் பிள்ளைகளும் தொழில் வழியே கற்க வேண்டுமென்பது அவர் கருத்து. 1953இல் சென்னை மாநிலத்தில் இராசாசியின் அரசு, கிராமத் தொடக்கப் பள்ளி நேரத்தை நாளொன்றுக்கு 3 மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று மக்கள் எதிர்த்தனர். 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் அத்திட்டம் கைவிடப்பட்டது. தறி ஒன்றே. முன்னதில் அது எல்லோர்க்கும் திறந்த வாயில். பின்னதில் நெசவாளர் பிள்ளையைப் பிறந்த இடத்திலேயே நிறுத்தும் வேலி.

நமது வன்னியில் இக்கேள்வி வேறு வடிவில் நிற்கிறது. 2009இல் போர் முடிந்தபின் குடும்பப் பாரத்தைத் தனித்துச் சுமக்க நேர்ந்த பெண்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பலர். தையல், நெசவு போன்ற தொழில்கள் அவர்கள்முன் வைக்கப்பட்டன. இங்கே தறிக்கு அழைப்பது குலமன்று, வறுமை. பாடசாலைகளிலோ, ‘படிப்பு ஏறாவிட்டால் தொழிலாவது பழகட்டும்’ என்கிறோம். ‘ஆவது’ என்னும் அந்தச் சிறு இடைச்சொல்லிலே நமது மதிப்பீடு முழுவதும் அடங்கிவிடுகிறது.

தொழிலுக்கு மரியாதை என்பது புகழுரையால் ஆவதில்லை. நெய்த சேலைக்கு நெய்தவள் வாழத்தக்க கூலி வேண்டும். வேறு வழி விரும்பின் தறியை விட்டெழும் உரிமை வேண்டும். வைத்தியராக விழையும் பிள்ளையும் ஒரு தவணையேனும் அதிலமர்ந்து அறுந்த இழையை முடியப் பழக வேண்டும். இவற்றைத் தரச் சித்தமில்லாதார் கைத்தொழிலின் பெருமையைப் பேசாதிருத்தல் நன்று.