ஏறவும் இறங்கவும் மட்டும்

படகுக்குச் சுக்கான் உண்டு, மாட்டு வண்டிக்கு மூக்கணாங்கயிறு உண்டு. வெப்பக்காற்று பலூனோ திசை திருப்ப எந்தக் கருவியும் இல்லாமல்தான் தரையை விட்டுக் கிளம்புகிறது. தை மாதத்தில் பொள்ளாச்சியில் நடக்கும் பலூன் திருவிழாவைப் பார்க்கப் போகிறவர்கள் அதன் நிறத்தையும் பருமனையும் வியக்கிறார்கள். இன்னும் பெரிய வியப்பு வேறொன்று: எங்கே போகிறோம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரமே இல்லாமல் மனிதன் ஒரு பயணத்துக்குச் சம்மதித்திருக்கிறான்.

பலூன் எழும்புவதற்கான காரணம் எளிமையானது. 15 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. அதே காற்றை 100 டிகிரிக்குச் சூடாக்கினால் அது விரிந்து, ஒரு கன மீட்டருக்கு 950 கிராம் அளவுக்குக் குறைந்துவிடும். வித்தியாசம் கால் கிலோவுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனால் 2,800 கன மீட்டர் கொள்ளும் நைலான் உறை முழுவதும் சேரும்போது, அந்தக் கால் கிலோ முக்கால் டன்னுக்கு மேற்பட்ட எடையைத் தூக்கும் விசையாகிறது. பிரம்புக் கூடை, புரொப்பேன் உருளைகள், பர்னர், பயணிகள் எல்லாம் அதில் அடக்கம். வெளிக்காற்று குளிர்ந்திருக்க வேண்டும், அமைதியாகவும் இருக்க வேண்டும். அதனால்தான் வெயில் ஏறித் தரை சூடாவதற்குள், விடியலை ஒட்டியே பலூன்கள் புறப்படுகின்றன.

பிரான்சின் அனோனே ஊரில் காகித ஆலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த மோன்கோல்ஃபியே சகோதரர்கள், 1783 ஜூன் 4 அன்று சூடான காற்றால் பலூனை எழுப்புவதை ஊரறியச் செய்து காட்டினார்கள். அதே ஆண்டு நவம்பர் 21 அன்று பாரிஸில் பிலாத்ர் த ரோஸியே, மார்க்கி தார்லாந்த் என்ற இருவர் அவர்களுடைய பலூனில் ஏறி, வைக்கோலை நெருப்பில் இட்டுக்கொண்டே சுமார் 25 நிமிடங்கள் நகரத்துக்கு மேலே மிதந்தார்கள். கயிற்றால் கட்டப்படாமல் மனிதர் வானில் சென்ற முதல் பயணம் அது.

பறக்கத் தெரிந்ததும் மனிதனுக்கு அடுத்து வந்த ஆசை, திசையைப் பிடிக்க வேண்டும் என்பது. பிளான்ஷார் என்ற பிரெஞ்சுக்காரர் தம் வாயு பலூனில் துடுப்புகளையே பொருத்தினார். 1785 ஜனவரி 7 அன்று அவரும் ஜான் ஜெஃப்ரிஸும் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது, அந்தத் துடுப்புகள் வழிநடத்த உதவவில்லை. பலூன் தாழத் தொடங்கியதும் பாரத்தைக் குறைக்க ஒவ்வொன்றாகக் கடலில் எறிந்தார்கள். கடைசியில் உடுத்தியிருந்த துணிகளையும் களைந்து போட்டார்கள். அவர்களைக் கரை சேர்த்தது காற்று.

பாய்மரமும் பயன்படாது. காற்றின் வேகத்திலேயே பலூனும் போவதால், கூடையில் நிற்பவர் முகத்தில் காற்று படுவதே அரிது. மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்களைக் கடந்துகொண்டிருப்பார். கையில் விரித்த துணியோ அசையாமல் தொங்கும். எதிர்த்து நிற்பவருக்குத்தான் காற்று தள்ளுவது தெரியும். உடன் போகிறவருக்கு அது தெரிவதில்லை.

அப்படியானால் பலூன் ஓட்டுபவரின் திறமை எங்கே இருக்கிறது? அமெரிக்காவின் அல்புகர்க்கியில் 1972 முதல் நடந்துவரும் பலூன் விழா அதற்கு விடை சொல்கிறது. அக்டோபர் மாத விடியலில், ரியோ கிராண்டே பள்ளத்தாக்கின் குளிர்ந்த காற்று தரையை ஒட்டித் தெற்கே போகும். சில நாட்களில் அதற்குச் சில நூறு அடி மேலே வேறொரு காற்று வடக்கே போகும். ஓட்டுபவர் தாழப் பறந்து தெற்கே போகிறார், பர்னரை இயக்கி மேலே ஏறுகிறார், வடக்கே திரும்புகிறார், மறுபடி இறங்குகிறார். ஒரு சுக்கானும் இல்லாமல், புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து சேர்ந்துவிடுகிறார்.

வானம் ஒரே காற்று அல்ல, அடுக்கடுக்கான பல காற்றுகள். ஏறுவதும் இறங்குவதும்தான் அவருக்கு வாய்த்த சுதந்திரம். அதைக் கொண்டே அவர் திசையைத் தேடிக்கொள்கிறார். அதற்கு அவர் ஓயாமல் கவனிக்க வேண்டும். தரையில் எழும் புகை எந்தப் பக்கம் சாய்கிறது, மற்றப் பலூன்கள் எந்த உயரத்தில் எங்கே நகர்கின்றன, கிளம்பும் முன் பறக்கவிட்ட சிறு பலூன் எங்கே வளைந்தது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பர்னரின் சூடு பலூனை உயர்த்தச் சில விநாடிகள் ஆகும் என்பதால், வேண்டிய நேரத்துக்கு முன்பே முடிவெடுக்கவும் வேண்டும்.

இங்கே ஒரு தவறான பாடத்தை நாம் படித்துவிடக்கூடும்: மேலே போனால் எல்லாம் சரியாகும் என்று. 1999 மார்ச்சில் பெர்த்ராண் பிக்காரும் பிரையன் ஜோன்ஸும் சுவிட்சர்லாந்திலிருந்து கிளம்பி, ஹீலியமும் வெப்பக்காற்றும் சேர்ந்த பலூனில், இருபது நாட்களுக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் இடையில் இறங்காமல் உலகைச் சுற்றினார்கள். பலூனில் அப்படிச் சுற்றிய முதல் மனிதர்கள் அவர்கள்தான். வழியில் பிக்கார் உயரே ஏறி வேகமாகப் போக விரும்பியபோது, தரையிலிருந்த வானிலை வல்லுநர்கள் கீழே இறங்கி மெதுவாகப் போகச் சொன்னார்கள். மேலே வேகம் இருந்தது, ஆனால் திசை தவறு. அவர் இறங்கினார். அந்தப் பயணம் நிறைவேறியதில், ஏறியதற்கு இருந்த பங்கு இறங்கியதற்கும் இருந்தது.

நாம் பிறந்த வீடு, காலம், ஊர், உடம்பு எதுவும் நாம் கேட்டு வந்ததல்ல. நம்மைச் சுமந்து போகும் காற்று அது. அதன்மேல் துடுப்பு வீசி ஆயுளைத் தீர்த்துவிடுகிறவர்கள் உண்டு. விதி என்று கைகட்டி, காற்று போட்ட இடத்தில் கிடப்பவர்களும் உண்டு. இருவருமே தம்மைச் சுற்றி ஒரே காற்றுதான் வீசுகிறது என்று நம்பிவிட்டார்கள். படிப்பு, நட்பு, தொழில், பழக்கம் என்று நாம் நிற்கும் தளத்தை மாற்றினால், அங்கே வேறு காற்று வீசுகிறது. சில வேளை அந்தத் தளம் மேலே இருக்கும். அதற்கு உழைத்துச் சூடேற்ற வேண்டும். சில வேளை அது கீழே இருக்கும். பெற்ற உயரத்தைப் பதவியென்றும் பெருமையென்றும் பற்றிக்கொள்ளாமல் விட்டுத் தர வேண்டும். ஏறத் தெரிந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். நல்ல திசைக்காக மனமுவந்து இறங்கவும் தெரிந்தவரே தம் பயணத்தைத் தாமே நடத்துகிறார்.