அயலவர் கிணறும் அறத்தின் கணக்கும்



ஒருவர் தமது காணியில் ஆழமாகத் தோண்டுகிறார். அடுத்த காணியில் உள்ள கிணறு வற்றுகிறது. தோண்டியவர் அதற்குப் பொறுப்பாளியா?

நாம் வாழும் டெக்ஸஸ் மாநிலம் இக்கேள்விக்கு 1904ஆம் ஆண்டிலேயே விடை கூறிவிட்டது. டெனிசன் நகரில் ஒரு ரயில்வே கம்பனி 66 அடி ஆழக் கிணறு வெட்டி, நாளொன்றுக்கு 25,000 கலன் நீர் இறைத்தது. அயலவரான ஈஸ்ட் என்பவரின் 33 அடிக் கிணறு வற்றியது. அவர் வழக்குத் தொடுத்தார். கம்பனி நட்டஈடு கொடுக்க வேண்டியதில்லை என மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலத்தடி நீரின் போக்கு எவருக்கும் புலப்படாதது, ஆகவே அதற்கு விதி வகுப்பது இயலாது என்பது அத்தீர்ப்பு கூறிய காரணங்களுள் ஒன்று. 1999ஆம் ஆண்டில் வேறொரு வழக்கிலும் அந்நீதிமன்றம் இவ்விதியைக் கைவிடவில்லை.

இன்று இக்கேள்வியை மணல், சரளைக்கல் அகழும் குழிகள் மீண்டும் எழுப்புகின்றன. ஹூஸ்டனுக்கு வடக்கே சான் ஜசின்டோ ஆற்றோரம் இத்தகைய குழிகள் பல உள்ளன. குழி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கியதும், வேலை நடப்பதற்காக நீரை இறைத்து வெளியேற்றுவதுண்டு. அப்போது சுற்றிலும் நிலத்தடி நீர்மட்டம் புனல் வடிவில் தாழ்கிறது. ஆழம் குறைந்த கிணறுகளே முதலில் வற்றும். இறைக்காமல் விட்டாலும், திறந்த குழியில் தேங்கும் நீரை வெயில் குடிக்கிறது. மேல்மண் அகற்றப்பட்டதால், சிந்தும் எண்ணெய் தடையின்றி நீரிற் கலக்கவும் கூடும்.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். மகாத்மா காந்தி மாவட்டத்துக் கடைகளும் நமது வீடுகளும் மண்டபங்களும் கொங்கிறீற்றால் எழுந்தவை. சரளையின் பயனை அனுபவிக்கும் நாம் அதன் செலவை அறியாதிருப்பது முறையாகுமா?

கணக்கு எழுதுவோருக்கு ஒன்று நன்கு தெரியும். ஆரம்ப இருப்பு எழுதப்படாத ஏட்டில் இலாபமும் நட்டமும் காண இயலாது. கிணற்றுக்கும் அதுவே பொருந்தும். அகழ்வு தொடங்குமுன், சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தையும் தரத்தையும் எல்லாப் பருவங்களிலும் அளந்து பதிய வேண்டும். குழிக்கும் கிணறுகளுக்கும் இடையே கண்காணிப்புக் கிணறுகள் அமைக்க வேண்டும். அகழ்வு எட்டாத தூரத்தில் ஒரு கிணற்றையும் அளந்தால், வறட்சியால் வந்த குறைவு எது, குழியால் வந்த குறைவு எது எனப் பிரித்தறியலாம். நீர்மட்டம் எத்தனை அடி தாழ்ந்தால் இறைப்பதை நிறுத்துவது, எப்போது கிணற்றை ஆழப்படுத்திக் கொடுப்பது, அதுவரை குடிநீர் வழங்குவது யார் என்பனவற்றை முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். நேர்மையான அளவீடு தோண்டுபவரையும் வீண்பழியிலிருந்து காக்கும்.

2011ஆம் ஆண்டு டெக்ஸஸ் சட்டமன்றம் இவ்வகை அகழ்விடங்கள் பதிவு பெற வேண்டுமென விதித்தது. பதிவேடு தோண்டுபவர் யாரென்று கூறும். அயலவர் கிணற்றில் நேற்று எவ்வளவு நீர் இருந்தது என்று கூறாது. அளவில்லாத இடத்தில் நிரூபிக்கும் சுமை முழுவதும் கிணறு வற்றியவர் தலையிலேயே விழுகிறது. இதுவே பெரிய அநீதி என்பது எமது கருத்து.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர் பங்குக் கிணற்றை மறந்திருக்க மாட்டார்கள். காணி உறுதியிலேயே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எழுதப்பட்டிருக்கும். இறைப்பதற்கு முறை வைத்தார்கள். முறை தவறினால் சண்டையும் வந்தது. ஆயினும் தண்ணீர் தனியொருவருடையதன்று என்பது எழுத்தில் இருந்தது.

நிலத்தடி நீர் கண்ணுக்குத் தெரியாது என்பது 1904இல் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். இன்று ஓர் அளவுநாடாவும் ஒரு குறிப்பேடும் இருந்தாற் போதும், கிணற்றின் நிலையை அறியலாம். அறியக்கூடியதை அறியாமல் விட்டவர், தெரியாது என்று சொல்லித் தப்பலாமா? சட்டம் விட்டுவிட்டாலும் அறம் விடாது. கிணறு வைத்திருக்கும் அன்பர்கள் இம்மாதமே நீர்மட்டத்தை அளந்து, திகதியிட்டு எழுதி வைப்பார்களாக.