விற்பனைப் படமும் வாய்மையும்

காலி வீட்டைப் படம் பிடித்து, அதில் சோபா, கட்டில், திரைச்சீலை எல்லாம் கணினியில் சேர்த்து விளம்பரத்துக்குக் கொடுக்கும் வழக்கம் பரவிவருகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்கு இது சில நிமிட வேலை. வாய் திறந்து ஒன்றும் சொல்லாத படம் பொய் சொல்லுமா என்பதே இதில் எழும் அறக்கேள்வி.

பிறருக்குத் தீங்கு தராத சொல்லையே வாய்மை என்கிறது திருக்குறள். யோகசூத்திரத்துக்கு வியாசர் பெயரில் வழங்கும் உரை இன்னும் நுட்பமாகப் போகிறது: தான் அறிந்ததைப் பிறர் மனத்தில் சேர்ப்பதற்கே சொல் இருக்கிறது, அதில் வஞ்சனையோ மயக்கமோ கலந்தால் அது சத்தியம் ஆகாது. இந்த அளவுகோலுக்குப் படமும் பேச்சுதான். பார்ப்பவர் எதை நம்பிவிடுகிறார் என்பதே கணக்கு.

அப்படிப் பார்த்தால் சோபா குற்றமில்லை. வீடு கைமாறும்போது சாமான்கள் எப்படியும் போய்விடும். அவை கணினியில் சேர்த்தவை என்று படத்தின் மேலேயே எழுதிவிட்டால் போதும். சுவர் விரிசலையும், மழைநீர் கசிந்த கறையையும், மொட்டைமாடியை ஒட்டிப்போகும் மின்கம்பியையும் அழிப்பது ஏமாற்று. வாங்கியவர் இவற்றோடுதான் காலம் தள்ள வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு தந்திரம் உண்டு: கட்டிலைச் சிறிதாக வரைந்து பத்தடி அறையைப் பதினைந்தடி போலக் காட்டுவது. சேர்த்தது சாமான்தான் என்றாலும் அறையின் அளவே பொய்யாகிவிடுகிறது. இதையும் ஏமாற்று என்றே கொள்ள வேண்டும்.

திருப்பதி மாவட்டத்தின் சத்தியவேடு பக்கத்தில் இக்கேள்விக்குக் கனம் அதிகம். 2008இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி தொழில்நகரம் சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் அமைந்தது. வேலைக்கு வெளியூரிலிருந்து வருவோர் வீட்டைப் பார்ப்பதற்கு முன் அதன் படத்தைக் கைபேசியில் பார்த்துவிடலாம். அதை நம்பி டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடுவோரும் உண்டு. சொத்துக்கு வில்லங்கச் சான்று வாங்கலாம். படத்துக்கு அப்படி ஒன்று கிடையாது. தமிழும் தெலுங்கும் புழங்கும் எல்லை ஊர் என்பதால், படத்தின் மேல் எழுதும் குறிப்பும் இரு மொழியிலும் இருப்பதே முறை.

சட்டம் பாதி தூரம் வருகிறது. பொய் விளம்பரத்தை நம்பி முன்பணம் கட்டி நட்டப்பட்டவருக்குக் கட்டுமான நிறுவனம் ஈடுசெய்ய வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12ஆம் பிரிவு. தனியார் தம் பழைய வீட்டை விற்கும்போது 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு பொருந்தும். தனக்குத் தெரிந்த பெரிய குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். ஆனால் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே தெரியக்கூடிய குறைக்கு அது பொருந்தாது. அறம் இந்த விலக்கை ஏற்காது. நேரில் வந்தால் தெரிந்துவிடுமே என்பது சமாதானம் ஆகாது. அப்படி வந்து பார்ப்பதற்கே ஒருவர் ஒருநாள் கூலியை இழக்கிறார்.

கலிஃபோர்னியாவில் 2026 ஜனவரி 1 முதல், மாற்றிய படம் என்று அறிவிப்பதும் மாற்றாத படத்தைப் பார்க்க வழிசெய்வதும் கட்டாயம். வெளிச்சம், நிறம் போன்ற சாதாரணத் திருத்தங்களுக்கு மட்டும் விலக்கு. இங்கே அப்படியொரு சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விற்பவரும் புரோக்கரும் மாற்றிய படத்தின் பக்கத்திலேயே மாற்றாத படத்தையும் வைக்கட்டும்.