முயலுக்காகச் சாமி காசை எடுக்கலாமா?

கேள்வி: எங்கள் காம்பவுண்டில் குடியிருந்தவர்கள் வீட்டைக் காலி செய்தபோது, ஒரு வெள்ளை முயலைக் கூண்டோடு மொட்டை மாடியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வெயிலில் வாயைத் திறந்தபடி கிடந்தது. எடுத்து வந்து பொம்மி என்று பெயர் வைத்தேன். நாலைந்து வருஷமாக எங்களோடுதான் இருக்கிறாள். போன மாதம் சிறுநீரில் ரத்தம் வந்தது. ஸ்கேன் எடுத்த டாக்டர், கருப்பையில் கட்டி, புற்றுநோயாக இருக்கலாம், ஆபரேஷன் செய்ய முப்பதாயிரம் வரை ஆகும் என்கிறார். என் கையில் இருப்பது திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் முடிந்து வைத்த பணம் மட்டும்தான். “எந்தச் சாமிக்கும் வாகனமாகக்கூட இல்லாத பிராணிக்கு இவ்வளவு செலவா? அதன் கர்மா அது. காட்டில் கொண்டுபோய் விட்டுவிடு” என்கிறார் மாமியார். அவருக்கும் கண்புரை ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கிறது. சாமி காசை எடுத்தால் குற்றமா? பொம்மி பிழைக்க ஏதாவது பரிகாரம் உண்டா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: முயலைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் உங்கள் மாமியாரின் கண். அவரைத் தடவி நடக்க விட்டுவிட்டு முயலுக்குச் செலவு செய்தால், பொம்மி பிழைத்தாலும் அந்த வீட்டில் நிம்மதியாக ஒரு வாய் புல் தின்ன முடியாது. வீட்டாரைப் பசியில் வாடவிட்டு வெளியாருக்குத் தர்மம் செய்வதைக் கடவுள் ஒப்பமாட்டார் என்ற கருத்தை ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்ற நூலில் வள்ளலாரே எழுதியிருக்கிறார். 1867-ல் வடலூரில் தருமசாலையைத் தொடங்கி, வந்தவருக்கெல்லாம் சோறு போட்டவர் சொன்னது இது. நல்லவேளையாக, கண்புரைக்குப் பணம் ஒரு தடையே இல்லை. அரசு மருத்துவமனையில் இலவசமாகச் செய்கிறார்கள். கோவை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் இலவசப் பிரிவு உண்டு. இந்த வாரமே அழைத்துப் போங்கள். அதன்பிறகு அவர் பேச்சும் கொஞ்சம் இளகும் என்று நினைக்கிறேன்.

அவர் சொன்ன கர்மாவுக்கு வருவோம். பொம்மிக்கு நோய் வந்தது அவள் வினை என்றே வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஊரில் இத்தனை பேர் இருக்க, அந்த மொட்டை மாடிக்கு நீங்கள் துணி காயப்போடவோ வற்றல் எடுக்கவோ ஏறியதும் வினைதான். துன்பப்படுகிறவருக்கு மட்டும் வினை வேலை செய்யும், பார்த்துக்கொண்டு நிற்பவருக்குச் செய்யாது என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. கர்மாவைக் காரணம் காட்டிக் கையைக் கட்டிக்கொள்பவர்கள், தங்களுக்குப் பல் வலித்தால் மட்டும் ராத்திரியோடு ராத்திரியாக டாக்டரைத் தேடுகிறார்கள்.

காட்டில் விடுவது விடுதலை ஆகாது. நம் ஊர்ப் புதர்களில் ஓடும் காட்டு முயல் வேறு, கூண்டில் வளரும் வெள்ளை முயல் வேறு. இதன் பூர்வீகம் ஐரோப்பா. பல தலைமுறையாக மனிதன் கையில் தின்று பழகிய உயிர் அது. விட்ட அன்றைக்கே நாய் வாயில் போய்விடும். நமக்காக உழைக்கும் மாடு, ஆடு, குதிரை போன்றவற்றின் துன்பத்தைத் தவறாமல் நீக்க வேண்டும் என்று சொல்லி, அதைப் பந்த காருண்யம் என்று தனியாகவே வகுத்துவைத்திருக்கிறார் வள்ளலார். பொம்மி ஏர் உழவில்லைதான். ஆனால் தன் இரையைத் தானே தேடிக்கொள்ள முடியாதபடி அவளை ஆக்கி வைத்தது மனிதர்கள். அந்தப் பொறுப்பு கைமாறி உங்களிடம் வந்திருக்கிறது. பசியையும் கொலையையும் தடுப்பதை எல்லாவற்றுக்கும் மேலாக வைத்த வள்ளலார், பிணியை நீக்குவதை அதற்கு அடுத்த படியில் வைத்தார். இரண்டாவது படி என்பதற்காக ஏறாமல் விட்டுவிட வேண்டியதில்லை.

வாகனம் இல்லை என்று குறை சொல்கிறார்களாமே! சந்திரன் மேலே தெரியும் கறையை முயல் என்றுதான் நம் முன்னோர் பார்த்தார்கள். பசியோடு வந்த விருந்தாளிக்குக் கொடுக்க வேறொன்றும் இல்லாமல் தன் உடம்பையே தீயில் இட்ட முயலின் உருவத்தை இந்திரன் நிலவில் எழுதிவைத்தான் என்கிறது பௌத்த ஜாதகக் கதை.

இனிப் பணம். புறாவைக் காப்பாற்றச் சிபிச் சக்கரவர்த்தி தராசில் அறுத்து வைத்தது தன் தொடைச் சதையை. அரண்மனை மடைப்பள்ளியில் ஆட்டுக் கறி இல்லாமலா போயிருக்கும்? நம் இரக்கத்துக்கான விலையை நாமே கொடுப்பதுதான் முறை. பிள்ளைகளின் ஃபீஸிலோ, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அடகு வைக்கும் வளையலிலோ, மீட்டர் வட்டியிலோ அதைச் செய்யக்கூடாது. முடிந்து வைத்த காசு உங்களுடையதுதானே என்றால், சங்கல்பம் செய்த அன்றே அது பெருமாளுடையதாகிவிட்டது. ஆகவே எடுத்துச் செலவழித்துவிட்டு மறந்துவிட முடியாது. கடனாகக் கேட்கலாம். தன் கல்யாணத்துக்கே குபேரனிடம் கடன் வாங்கி இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருப்பவராக நாம் கொண்டாடுகிற சாமி, கடன் கேட்டு நிற்பவளைக் கோபிக்க மாட்டார். விளக்கேற்றி, வீட்டுக்காரரையும் பக்கத்தில் நிறுத்தி, எவ்வளவு எடுக்கிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு சீட்டில் எழுதி அதே மஞ்சள் துணியில் முடிந்துவிடுங்கள். மாதாமாதம் முடிந்ததைச் சேர்த்து, தொகை நிறைந்ததும் மலையேறுங்கள். இதற்குச் சாஸ்திரப் பிரமாணம் கேட்காதீர்கள். இது என் அபிப்பிராயம். மாற்றுக் கருத்துள்ள பெரியவர்களும் இருப்பார்கள்.

முப்பதாயிரத்தை எண்ணி வைப்பதற்கு முன் ஒருமுறை உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போங்கள். உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. நாமக்கல்லிலும் கல்லூரி உண்டு. தனியாரைவிடச் செலவு நன்றாகக் குறையும். கருப்பை எடுக்காத பெண் முயல்களுக்கு நாலு வயதுக்குமேல் இந்த நோய் சகஜம். சில ஆய்வுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் பார்த்திருக்கிறார்கள். நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று மார்பு எக்ஸ்ரேயில் பார்க்கச் சொல்லுங்கள். பரவவில்லையென்றால் கருப்பையை எடுத்ததும் குணமாகிப் பல வருஷம் வாழக்கூடும். அப்போது தயங்காதீர்கள். முயலுக்கு வாந்தி எடுக்க வராது, வயிறு காலியாகவும் இருக்கக்கூடாது. நமக்குச் சொல்வதுபோல ராத்திரியிலிருந்து பட்டினி போட யாராவது சொன்னால், டாக்டரிடமே நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பரவியிருந்தால் கத்தி வேண்டாம். வலிக்கு மருந்தும், வெயில் படாத மூலையும், பக்கத்தில் நீங்களும் போதும். அதை ஏதோ குறைவான சேவை என்று நினைத்துவிடாதீர்கள். திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் பசு லட்சுமி 1948 ஜூன் 18-ல் உயிர்விட்டபோது, பகவான் ரமணர் பக்கத்தில் அமர்ந்து அவள் தலையில் கைவைத்திருந்தார். லட்சுமிக்கும், வள்ளி என்ற மானுக்கும், ஜாக்கி என்ற நாய்க்கும் அங்கே சமாதிகள் இருக்கின்றன. முயல் வலியை வெளியே காட்டாத பிராணி. தீனியை விட்டு, முதுகைக் குறுக்கி, பல்லை நறநறவென்று கடித்தபடி ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டால் தாங்க முடியாத வலி என்று அர்த்தம். மருந்துக்கும் அது அடங்காமல், ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்று டாக்டர் சொன்னால், அதைப் பாவக் கணக்கில் நான் எழுத மாட்டேன்.

பரிகாரம் கேட்டீர்கள். முயலுக்கென்று தனிப் பரிகாரம் எதுவும் எனக்குத் தெரியாது. பக்கத்துப் பிள்ளையாருக்கு அருகம்புல் சாத்துங்கள். பறித்த புல்லை நன்றாக அலசி, சாத்துவதற்கு முன்பே பாதியைப் பொம்மிக்கு எடுத்து வைத்துவிடுங்கள். சாத்திய புல்லில் குங்குமமும் சந்தனமும் ஒட்டியிருக்கும். பிரசாதம் என்று அதைப் போட்டுவிடாதீர்கள்.